தெரிவுக் கூறின் அரசியல்: விண்டோஸ் முறைமையில் செய்திக் கருவிகளின் நிறுவுகை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அச்சியந்திரத்தின் வரலாற்றை ஆராய்வோர் அதன் பற்சக்கரங்களோடு தம் ஆய்வை நிறுத்திக்கொள்வதில்லை. அஃது எவர் கையில் இருந்தது, எவரது பணத்தில் வாங்கப்பட்டது, எதனை அச்சிட்டது, எதனை அச்சிடாது விட்டது என்னும் வினாக்களே இலக்கிய வரலாற்றுக்கு முதன்மையானவை. 1841 இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் உதயதாரகையை வெளியிடத் தொடங்கியமையையும், 1849 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தமது அச்சுக்கூடத்தை நிறுவியமையையும் வெறும் தொழினுட்ப நிகழ்ச்சிகளாக எம்மவர் எவரும் நோக்குவதில்லை. ஆயின், கணினியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இவ்வினாக்கள் எங்கோ மறைந்துவிடுகின்றன. கருவி வந்தது, வளர்ந்தது, பழையதாயிற்று, மறைந்தது என்று இயற்கை நிகழ்ச்சியைப் போல அதன் வரலாறு கூறப்படுகிறது. மழை பெய்தது, வெயில் எறித்தது என்பது போல.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையில், 1995 தொடக்கம் 2007 வரையான காலப்பகுதியில், செய்தி அனுப்பும் கருவிகள் எவ்வாறு நிறுவப்பட்டன என்பதே அது. முறைமையை நிறுவும் வேளையில் சில கூறுகள் 'ஒப்ஷனல்' என, அதாவது விரும்பினாற் சேர்த்துக்கொள்ளத்தக்கவை என, ஒதுக்கப்பட்டிருக்கும். இவற்றைத் தெரிவுக் கூறுகள் எனலாம். ஏனையவை கேட்காமலே நிறுவப்படும். எது கேட்டு நிறுவப்படுவது, எது கேளாது நிறுவப்படுவது என்னும் எல்லைக்கோடு இப்பன்னிரண்டு ஆண்டுகளுள் பல தடவை இடம் மாறியது. அம்மாற்றங்களைத் தொழினுட்பத் தேவை ஒன்றினால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பதும், அவற்றின் பின்னே சந்தை நலன்கள் வெளிப்படையாகவே தொழிற்பட்டன என்பதும் எமது கருத்து. தமிழெழுத்தும் அக்கோட்டின் அப்பாற் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டிருந்தமையால், விடயம் எமக்கு அந்நியமானதன்று.

முதலிற் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். செய்தி அனுப்புதல் கணினிக்குப் பிற்காலத்திற் சேர்க்கப்பட்ட ஓர் அணிகலன் என்ற எண்ணம் பரவலாக உண்டு. வரலாறு அதற்கு மாறானது. 1961 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் செயல்விளக்கம் காட்டப்பட்ட நேரப்பகிர்வு முறைமையில் பலர் ஒரே காலத்தில் ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்தினர். 1965 இல் ரொம் வான் விளெக், நோயல் மொறிஸ் ஆகிய இருவரும் அம்முறைமைக்கு 'மெயில்' என்னும் கட்டளையை எழுதினர். ஒருவர் மற்றொருவருக்கு விட்டுச்செல்லும் குறிப்பை இயந்திரமே காத்து வைத்துக் கொடுத்தது. 1971 நவம்பரில் வெளிவந்த யுனிக்ஸ் முறைமையின் முதற் கைந்நூலிலே, கடிதம் விடுதற்கு ஒன்று, மற்றவரது திரையில் நேரே எழுதுதற்கு ஒன்று, அவ்வாறு எவரும் தன் திரையில் எழுதாதபடி தடுத்தற்கு ஒன்று என மூன்று கட்டளைகள் இடம்பெற்றுள்ளன. மூன்றாவது கட்டளை மனங்கொள்ளத்தக்கது. செய்தியைப் பெறாதிருக்கும் உரிமையும் தொடக்கத்திலேயே முறைமையின் பகுதியாக இருந்தது. இவற்றுள் எதுவும் தெரிவுக் கூறன்று. இயந்திரம் பொதுவில் இருந்தமையால், அதனைப் பகிர்ந்தோரிடையே பேச்சும் இயல்பாகவே தேவைப்பட்டது. (இதனை ஒரு பொற்காலமாக நாம் சித்திரிக்க விரும்பவில்லை. அவ்வாய்வுகூடங்களுட் பலவற்றின் செலவை ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமே ஏற்றது. உள்ளே நுழைந்தோரும் ஒரு சிலரே.)

1981 ஓகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தனது தனியாட் கணினியை விற்பனைக்கு விட்டது. அதனோடு வந்த டொஸ் முறைமையில் அஞ்சற் கட்டளை எதுவும் இல்லை. இருக்கவேண்டிய காரணமும் இல்லை. இயந்திரம் ஒருவரது மேசையில் இருந்தது, அவரது தனிச்சொத்தாக இருந்தது, அதன் மறுமுனையில் எவரும் இல்லை. நேரப்பகிர்வு முறைமையில் உடனிருப்பால் எழுந்த செய்தித்தொடர்பு, தனியாட் கணினியில் இல்லாதொழிந்தது. மீண்டும் அது தோன்றியபொழுது பணம் கொடுத்து வாங்கவேண்டிய பண்டமாகவே தோன்றியது. உற்பத்திச் சாதனத்தின் உடைமை முறை மாறியபொழுது அச்சாதனத்தின் வழி நிகழும் மனித உறவும் மாறியது என்பதற்கு இதனிலும் எளிய எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

அலுவலகங்களிற் பல தனியாட் கணினிகளை வடம் கொண்டு இணைக்கும் வழக்கம் பரவியதும் அச்சந்தை திறந்தது. 1992 ஒக்ரோபரில் வெளிவந்த 'விண்டோஸ் ஃபோர் வேர்க்குறூப்ஸ்' என்ற பதிப்பில் மைக்ரோசொஃப்ற் மெயில் என்னும் அஞ்சற் கருவி உடன்சேர்க்கப்பட்டது. ஆனால் அது ஒரு பணிக்குழுவினுள், ஒரே 'அஞ்சலகத்தை'ப் பகிர்வோருக்கிடையில் மட்டும் செய்தி கொண்டுசெல்லும். அஞ்சலகம் என்றது ஒரு கணினியின் வன்தட்டிலுள்ள பகிரப்பட்ட கோப்புறையையே. குழுவுக்கு வெளியே எழுதவேண்டுமாயின் தனியாக விற்கப்பட்ட விரிவாக்கத்தை வாங்கவேண்டும். அலுவலகத்தின் சுவருக்குள்ளே இலவசம், சுவரைத் தாண்டினாற் கட்டணம்.

இதே பதிப்பில் 'வின்பொப்அப்' என்னும் மிகச் சிறிய கருவியும் இருந்தது. ஒரே வலையமைப்பிலுள்ள மற்றொரு கணினியின் பெயரைக் குறித்து ஒரு சில வரிகளை எழுதினால் அவை அங்கே திரையில் தோன்றும். அதற்கு அஞ்சலகமும் வேண்டியதில்லை, கணக்கும் வேண்டியதில்லை, இடையில் நின்று செய்திகளைக் காக்கும் சேவைக்கணினியும் வேண்டியதில்லை. பெறுபவரது கணினியிலும் அக்கருவி திறந்திருத்தல் வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இதனை எவரும் பெரிதாக விளம்பரம் செய்யவில்லை. இதிலிருந்து பெறத்தக்க இலாபம் எதுவும் இருக்கவில்லை.

1995 ஓகஸ்ட் 24 இல் விண்டோஸ் 95 வெளிவந்தது. எமது ஆய்வுக்குரிய எல்லைக்கோடு இங்கேதான் முதன்முறை தெளிவாகத் தெரிகின்றது. நிறுவுகையின் இடையில் 'தொடர்பு பெறுக' என்ற பொருள்படும் தலைப்போடு ஒரு திரை தோன்றும். அதில் மூன்று சிறு கட்டங்கள் இருந்தன: மைக்ரோசொஃப்ற் நெற்வேர்க் என்ற நிறுவனத்தின் சொந்தக் கட்டணச் சேவை, மைக்ரோசொஃப்ற் மெயில், மைக்ரோசொஃப்ற் ஃபக்ஸ். இவற்றுள் எதற்கு அடையாளமிட்டாலும் 'மைக்ரோசொஃப்ற் எக்ஸ்சேஞ்ச்' என்னும் கருவி நிறுவப்பட்டு, மேசைத்திரையில் 'இன்பொக்ஸ்' என்ற பெயருடன் அமர்ந்துகொள்ளும். எல்லா வகைச் செய்திகளையும் ஒரே பெட்டியிற் சேர்ப்பதே அதன் நோக்கம் எனக் கூறப்பட்டது.

அத்திரையில் இணைய மின்னஞ்சலுக்குக் கட்டம் இல்லை. இணைய அஞ்சலின் பொதுவிதிகள் 1982 இலேயே பகிரங்கமாக வெளியிடப்பட்டவை. எவருக்கும் உரிமைக் கட்டணம் செலுத்தாமல் எந்நிறுவனமும் அவற்றைப் பின்பற்றியிருக்கலாம். எனினும் எக்ஸ்சேஞ்ச் கருவி இணைய அஞ்சலைக் கையாள்வதற்கு வேண்டிய சிறு இணைப்பு மென்பொருள், 'பிளஸ்' என்ற பெயரில் தனி விலைக்கு விற்கப்பட்ட பொதியிலேயே வைக்கப்பட்டது. அப்பொதியில் அதற்குத் துணையாக இருந்தவை திரை அலங்காரங்கள் முதலானவை. கேட்டுக் கொடுக்கப்பட்ட மூன்று கதவுகளும் அந்நிறுவனத்தின் சொந்த வளவுக்குள்ளேயே திறந்தன. பொதுத்தெருவுக்குப் போகும் கதவுக்கு வேறு விலை. 1995 இன் நடுப்பகுதி வரை அந்நிறுவனம் இணையத்தை எதிர்காலச் சந்தையாகக் கருதாது, தனது மூடிய சேவையையே நம்பியிருந்தது என்பதனை இவ்வொரு திரையைக் கொண்டே வாசித்துவிடலாம். நிறுவுகைத் திரையும் ஒரு பனுவல்தான். அதிற் சொல்லப்படாதவற்றை வாசிப்பதே எம்போன்றோருக்குப் பழகிய தொழில்.

முதலில் அடையாளமிடாதவர் பிற்பாடு மனம்மாறினால் வழி இருந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்திற் செய்நிரல்களைச் சேர்த்தலும் நீக்கலும் என்ற பகுதியைத் திறந்து, விண்டோஸ் நிறுவுகை என்ற தாளுக்குச் சென்று, நிரலில் எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே அடையாளமிட்டு, முறைமையின் இறுவட்டை உள்ளே வைத்தல் வேண்டும். கோப்புகள் பிரதிசெய்யப்பட்ட பின்னர் ஒரு வழிகாட்டி தோன்றி, எந்தச் சேவை, அஞ்சலகம் எங்கே உள்ளது, முகவரிக் கையேட்டை எங்கே வைப்பது, செய்திகளை எந்தக் கோப்பிற் சேமிப்பது என ஒவ்வொன்றாகக் கேட்கும். இதனை ஒரு தடவை செய்து முடித்தவர்க்குச் 'செய்தி' என்பது எத்தனை அமைப்புகளின் மீது தங்கியுள்ளது என்பது விளங்கியிருக்கும். இக்காலத்துக் கருவிகள் இவற்றுள் எதனையும் கேட்பதில்லை. வினாக்கள் தீர்ந்துவிட்டன என்பது அதன் பொருளன்று. அவற்றுக்கான விடைகளை இப்பொழுது வேறொருவர் எமக்காக முன்கூட்டியே எழுதிவிடுகின்றார்.

தொழினுட்ப நியாயத்தையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. விண்டோஸ் 95 இயங்குதற்கு 4 மெகாபைற் நினைவகம் போதும் எனப்பட்டது. 8 இருப்பது நன்று என்பது பரிந்துரை. 4 மெகாபைற் கணினியில் எக்ஸ்சேஞ்சைத் திறப்பது பொறுமைக்குச் சோதனையாகும். ஆகவே அதனைத் தெரிவுக் கூறாக வைத்தமைக்கு நேர்மையான காரணமும் உண்டு. எமது வினா, ஏன் தெரிவுக் கூறாக வைத்தார்கள் என்பதன்று. தெரிவுக்கு உரியவற்றை யார் தெரிந்தார்கள் என்பதே வினா.

1996 இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் பெருநிறுவனங்களுக்கெனச் சேவைக்கணினி மென்பொருள் ஒன்றை 'எக்ஸ்சேஞ்ச்' என்ற அதே பெயரில் விற்கத் தொடங்கியது. விலைமதிப்புள்ள பெயரை இலவசக் கருவியோடு பகிர்ந்துகொள்வதிற் குழப்பம் இருந்தது போலும். சிறிய கருவி 'விண்டோஸ் மெசேஜிங்' எனப் பெயர் மாற்றப்பட்டது. 1997 இல் இன்ரர்நெற் எக்ஸ்புளோறர் 4 ஆம் பதிப்போடு 'அவுற்லுக் எக்ஸ்பிறஸ்' என்ற புதிய அஞ்சற் கருவி வந்தது. அது இணைய அஞ்சலுக்கென்றே ஆக்கப்பட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் தனி விலைக்கு விற்கப்பட்ட வசதி இப்பொழுது விலையின்றிக் கேளாமலே வந்தது. இத்தாராளத்தின் காரணம் நெற்ஸ்கேப் நிறுவனத்தோடு நடந்த போட்டியாகும். போட்டியாளனின் பண்டத்தை விலையற்றதாக்குவதற்குத் தன் பண்டத்தை விலையின்றிக் கொடுத்தல் ஏகபோகத்தின் பழைய வழிகளுள் ஒன்று.

1998 யூன் 25 இல் வெளிவந்த விண்டோஸ் 98 இலே விண்டோஸ் மெசேஜிங் எங்கே போயிற்று? நிறுவுகைத் திரையில் அது இல்லை. தெரிவுக் கூறுகளின் நிரலிலும் அதனைக் காணமுடியாது. முந்திய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்களின் கணினியில் அது தொடர்ந்து இருந்தது. புதிதாக நிறுவியவருக்குத் தோன்றவேயில்லை. ஆயினும் அது முற்றாக அழிக்கப்படவுமில்லை. இறுவட்டில் 'ரூல்ஸ்' என்ற கோப்புறையினுள், 'ஓல்ட்வின்95' என்ற கோப்புறையினுள், 'மெசேஜ்' என்ற கோப்புறையினுள் அது வைக்கப்பட்டிருந்தது. மூன்று வயதான ஒரு முறைமையின் பெயர்க்கு முன் 'பழைய' என்ற அடைமொழி. அதனுள்ளும் இரு கோப்புறைகள் இருந்தன. ஒன்று ஐக்கிய அமெரிக்காவுக்குரியது, மற்றது 'சர்வதேசம்' என்பதன் சுருக்கப் பெயருடையது. உலகம் இவ்வாறு இரண்டாகப் பகுக்கப்பட்டிருத்தலை நாம் பொருளியல் நூல்களிலும் கண்டதுண்டு.

இக்கோப்புறையைத் தேடிச் சென்றவர்கள் யார்? ஒரு சாரார், சிறு அலுவலகங்களிற் பழைய அஞ்சலகக் கோப்புறையைச் சுற்றி வேலையை ஒழுங்குசெய்திருந்தவர்கள். மற்றொரு சாரார், கணினியிலிருந்து நேரே தொலைநகல் அனுப்பியோர். தொலைநகற் கருவி விண்டோஸ் மெசேஜிங்கின் மீது தங்கியிருந்தமையால், முதலிற் செய்திக் கருவியை நிறுவி அதன் பின்னரே தொலைநகற் கருவியை நிறுவுதல் வேண்டும். வரிசை மாறினால் வேலை நடவாது. அவுற்லுக் எக்ஸ்பிறஸ் தொலைநகலையும் அறியாது, உள்ளூர் அஞ்சலகத்தையும் அறியாது. அவ்வசதிகளை முறையாக வேண்டியோருக்கு ஒஃபிஸ் பொதியோடு விற்கப்பட்ட பெரிய அவுற்லுக் இருந்தது. இலவசக் கருவிகள் இரண்டனுள் ஒன்று இணையத்துக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டு, மற்றொன்று இறுவட்டின் மூலைக்கு ஒதுக்கப்பட்ட பின்னர், எல்லாவற்றையும் செய்யும் கருவி விலைக்குரிய கருவியாக மட்டுமே எஞ்சியது. இஃது ஒருவர் இருந்து வகுத்த சதி என நாம் கூறவில்லை. சதி தேவைப்படாதிருத்தலே சந்தையின் இயல்பு.

இதற்கிடையில் 'உடன் செய்தி' என்ற வகை பெருகியிருந்தது. 1996 நவம்பரில் மிறாபிலிஸ் என்னும் இஸ்ரேலியச் சிறுநிறுவனம் ஐசிகியூ என்னும் கருவியை வெளியிட்டது. 1997 இல் ஏஓஎல் நிறுவனம் தனது கருவியை வெளியிட்டது. 1998 இல் அதே ஏஓஎல் மிறாபிலிஸை 28 கோடி 70 இலட்சம் டொலருக்கு வாங்கியது. கருவியை எவரும் விலையின்றிப் பெற்றனர் எனில், வாங்கப்பட்டது எது? யார் யாரோடு பேசுகின்றார் என்னும் உறவுப் பட்டியலே வாங்கப்பட்டது. அப்பட்டியலை ஆக்கியவர்கள் பயனர்கள். நண்பரை அழைத்து வந்தவர்களும் முகவரி சேர்த்தவர்களும் அவர்களே. அவ்வுழைப்பு உழைப்பு என்ற பெயரைப் பெறவில்லை, ஆனால் விலையைப் பெற்றது, வேறொருவர் கையில்.

1999 யூலை 22 இல் மைக்ரோசொஃப்ற் தனது எம்எஸ்என் மெசெஞ்சரை வெளியிட்டது. ஏஓஎல் கணக்குடையோரோடும் இதன் வழியே பேசலாம் என்றது. ஏஓஎல் உடனே தடுத்தது. தடையைத் தாண்டப் புதிய பதிப்பு வந்தது, மீண்டும் தடை வந்தது. சில மாதங்கள் நீடித்த இவ்விழுபறியிலிருந்து அவ்வாண்டு நவம்பரளவில் மைக்ரோசொஃப்ற் விலகிக்கொண்டது. இதன் நகைச்சுவை யாதெனில், பொதுநியமம் வேண்டும், செய்தி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என அப்பொழுது முழங்கியது மைக்ரோசொஃப்ற்றே. நான்கு ஆண்டுகளுக்கு முன் பொதுநியமத்துக்கு ஒரு கட்டம்கூடக் கொடாத அதே நிறுவனம். சந்தையிற் பின்தங்கியவன் திறந்த நியமத்தைப் போற்றுவான், முந்தியவன் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவான். கருத்துநிலை இடத்தைப் பொறுத்து மாறுவதற்கு இது தக்க சான்று.

ஏஓஎலின் பட்டியலை உடைக்க முடியாதபொழுது எஞ்சிய வழி ஒன்றுதான். உலகின் மேசைக்கணினிகளுட் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் இருந்தது. 2001 ஒக்ரோபர் 25 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி முறைமையிலே 'விண்டோஸ் மெசெஞ்சர்' கேளாமலே நிறுவப்பட்டது. கணினி திறக்கும்பொழுதே தானும் திறந்தது, நிறுவனத்தின் பாஸ்போட் என்ற கணக்கை ஆரம்பிக்குமாறு அழைத்தது. செய்திக் கருவி தெரிவுக் கூறாக இருந்த காலம் முடிந்தது. அதனை நீக்க விரும்பியவர் தெரிவுக் கூறுகளின் நிரலைத் திறந்தால் அங்கே அதன் பெயர் இல்லை.

ஏன் இல்லை என்பதைத் தேடியவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். அந்நிரலில் எவை தோன்றவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது முறைமையினுள் உள்ள ஒரு சிறிய எழுத்துக்கோப்பு. அதில் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வரி. மெசெஞ்சருக்கும் ஒரு வரி இருந்தது. அவ்வரியின் இடையில் 'ஹைட்' என்ற ஒரு சொல், 'மறை' என்னும் ஏவல். சாதாரண எழுத்துத் தொகுப்பியில் அக்கோப்பைத் திறந்து அந்த ஒரு சொல்லை அழித்தால், அடுத்த முறை நிரலைத் திறக்கையில் மெசெஞ்சர் அங்கே நிற்கும், நீக்கவும் படும். அஃதாவது, தெரிவுக் கூறுக்கு வேண்டிய பொறிமுறை முழுவதும் ஆக்கப்பட்டே இருந்தது. ஒரே சொல்லால் அது பயனரிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது. பாடபேத ஆராய்ச்சியிற் பழகியோர்க்கு இத்தகைய ஒற்றைச் சொல்லின் பெறுமதி நன்கு தெரியும். இச்செய்முறை பயனர்களிடையே கைமாறிப் பரவியது என்பதும் குறிப்பிடத்தக்கது. பயனர் வாளாவிருந்து ஏற்றுக்கொண்டார் என எழுதுவது தவறான வரலாறாகும்.

இனி அதே விண்டோஸ் எக்ஸ்பியில், அதே இறுவட்டில், மற்றொரு நிலையைக் காண்போம். யூனிகோட் நியமத்தில் 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் வரிசையில் முதன்முதலிற் தமிழை முறைமையின் மட்டத்திலே கையாண்டது 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000. 'லதா' என்ற எழுத்துரு அதனோடு வந்தது. அதற்கு முன் விண்டோஸ் 95, 98 ஆகியவற்றிற் தமிழர்கள் பாமினி முதலிய எழுத்துருக்களால் எழுதினர். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்திற் தமிழ் வடிவங்களை வைத்தவை. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் அதே எழுத்துரு இருந்தாலன்றிச் செய்தி பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகவே போய்ச்சேரும். எனவே தமிழில் ஒரு செய்தி அனுப்புவதற்கு முன் எழுத்துருவை அனுப்பி, அதனை நிறுவும் முறையை விளக்கவேண்டியிருந்தது. விளக்கம் ஆங்கிலத்திலோ உரோம எழுத்துத் தமிழிலோ எழுதப்பட்டது, வேறு வழியில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி ஆங்கிலப் பதிப்பை நிறுவியவருக்கு மெசெஞ்சர் கேளாமலே கிடைத்தது. தமிழெழுத்து கேளாமற் கிடைக்கவில்லை. பிரதேச, மொழித் தெரிவுகள் என்ற பகுதிக்குச் சென்று, மொழிகள் என்ற தாளில், 'சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளுக்கும் உரிய கோப்புகளை நிறுவுக' என்ற கட்டத்துக்கு அடையாளமிடவேண்டும். உடனே இறுவட்டைக் கேட்கும். முறைமையின் இறுவட்டுக் கையில் இல்லாதவர், பிறரது கணினியில் எழுதுபவர், அக்கட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடவேண்டியதுதான். அடையாளமிடாத கணினியின் மெசெஞ்சரில் யூனிகோட் தமிழிற் செய்தி வந்தால் வெற்றுச் சதுரங்கள் வரிசையாகத் தோன்றும். பேசுதற்குரிய கருவி கட்டாயமாகவும், பேசும் மொழி விருப்பமாகவும் வைக்கப்பட்டிருந்த நிலை இதுவாகும்.

இங்கே இடப்பற்றாக்குறை என்ற நியாயம் செல்லாது. அதே திரையிலே இக்கோப்புகளுக்கு 10 மெகாபைற் அல்லது சற்று மேற்பட்ட இடம் வேண்டும் என எழுதப்பட்டிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி முழுவதற்கும் வேண்டிய வன்தட்டு இடம் 1.5 கிகாபைற். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடமே தமிழுக்கும், சிங்களம் நீங்கலாக ஏனைய பல தென்னாசிய எழுத்துகளுக்கும், அறபு, தாய் முதலியவற்றுக்கும் சேர்த்து வேண்டியிருந்தது. 'சிக்கலான எழுத்துமுறை' என்ற பெயரையும் நோக்குதல் வேண்டும். தமிழ்க் குழந்தைக்குத் தமிழெழுத்துச் சிக்கலானதன்று. உரோம எழுத்தை அளவுகோலாகக் கொண்ட பொறியமைப்புக்கே அது சிக்கல். அளவுகோலை வைத்திருப்பவர் தன் குறைபாட்டை மற்றவரது இயல்பாகப் பெயரிட்டுவிடுகின்றார். குடியேற்றவாத மொழியியலைக் கற்றோர்க்கு இது புதிய செய்தியன்று.

2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து ஏ9 வீதி திறக்கப்பட்ட காலமும் விண்டோஸ் எக்ஸ்பி பரவிய காலமும் ஒன்றே. 1990 தொடக்கம் ஆண்டுக்கணக்காக மின்சாரமும் தொலைபேசியும் இன்றியிருந்த யாழ்ப்பாணத்தவர்க்கு, புலம்பெயர்ந்த உறவினரோடு உடனுக்குடன் பேசும் கருவியின் பெறுமதி எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்பேச்சிற் கணிசமான பகுதி உரோம எழுத்திலே தட்டச்சு செய்யப்பட்ட தமிழாக இருந்தது. அதனைத் தமிழரின் மொழிப்பற்றின்மை எனக் கடிந்துகொண்ட கட்டுரைகளும் உள. பற்றைப் பற்றிப் பேசுமுன், எந்தக் கட்டம் அடையாளமிடப்பட்டு வந்தது, எந்தக் கட்டம் வெறுமையாக வந்தது என்று பார்த்திருக்கலாம்.

தொழினுட்பமே சமூகத்தை மாற்றுகிறது என்ற கருத்தை றேமண்ட் வில்லியம்ஸ் 1974 இல் தொலைக்காட்சி பற்றிய தமது நூலில் மறுத்துரைத்தார். தொழினுட்பத்துக்கு முன்னரே அதனைத் தேடிய சமூக நோக்கங்கள் உண்டு என்பது அவரது வாதத்தின் சாரம். விண்டோஸின் வரலாறு அதனை உறுதிப்படுத்துவதோடு ஒரு சிறு திருத்தத்தையும் வேண்டி நிற்கின்றது. நோக்கங்கள் தொழினுட்பத்தின் பிறப்பில் மட்டும் தொழிற்படுவனவல்ல. ஆக்கி முடித்த கருவி ஒன்றை எந்தக் கோப்புறையில் வைப்பது, எந்த வரியில் எந்தச் சொல்லை எழுதுவது என்னும் அற்ப முடிவுகளிலும் அவை தொழிற்படுகின்றன.

சட்டம் தலையிட்டது, அரைமனத்தோடு. 1998 மே மாதம் ஐக்கிய அமெரிக்க அரசு மைக்ரோசொஃப்ற்றுக்கு எதிராகத் தொடுத்த ஏகபோக வழக்கின் உடன்பாட்டையொட்டி, 2002 இல் எக்ஸ்பியின் முதலாவது சேவைப்பொதி வந்தது. உலாவி, அஞ்சல், உடன் செய்தி முதலியவற்றுக்கு எக்கருவியை இயல்பானதாகக் கொள்வது என்று தெரியும் வசதி அதில் இருந்தது. மெசெஞ்சரை வேண்டாம் என்றவரின் கண்ணிலிருந்து அது மறைந்தது, வன்தட்டிலிருந்து மறையவில்லை. முன்பு தெரிவை மறைத்தவர்கள் இப்பொழுது கருவியை மறைத்தனர். தென்கொரியாவில் டவும் என்ற உள்நாட்டு நிறுவனம் 2001 இல் முறையிட்டது. 2005 டிசம்பரில் அந்நாட்டு நியாய வணிக ஆணைக்குழு ஏறத்தாழ 3300 கோடி வொன் தண்டம் விதித்து, மெசெஞ்சர் நீக்கிய விண்டோஸ் பதிப்பையும் விற்குமாறு பணித்தது. இவ்விரு வழக்குகளிலும் பேசப்பட்டது போட்டி நிறுவனங்களின் உரிமை. எழுத்துமுறை பற்றிய வினா எந்த நீதிமன்றுக்கும் போகவில்லை, அதில் இழப்புற்ற போட்டி நிறுவனம் எதுவும் இல்லாமையால்.

2007 இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவில் இரு நிலைகளும் இடம் மாறின. மெசெஞ்சர் முறைமையினுள் இல்லை, வேண்டியவர் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுமாறு ஒரு சுட்டி மட்டும் இருந்தது. தமிழெழுத்துக்குரிய கோப்புகள் கேளாமலே நிறுவப்பட்டன. தமிழ்க் கணிமைக்கு உழைத்தோரின் நீண்ட முயற்சியையும், தென்னாசியச் சந்தை அந்நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியமையையும் இங்கு ஒருங்கே வைத்து நோக்குதல் தகும்.

அக்கருவிகள் இன்று என்னவாயின என்பதையும் குறித்தல் வேண்டும். மெசெஞ்சரின் பயனர்கள் 2013 இல் ஸ்கைப்புக்கு மாற்றப்பட்டனர். ஏஓஎலின் கருவி 2017 டிசம்பரிலும், ஐசிகியூ 2024 யூனிலும், ஸ்கைப் 2025 மேயிலும் நிறுத்தப்பட்டன. பழைய கணினி ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பியை இன்று நிறுவினால் மெசெஞ்சர் முன்போலவே கேளாமல் திறந்து கணக்கைக் கேட்கும். மறுமுனையிலிருந்த சேவைக்கணினி இல்லாமையால் எதுவும் நடவாது. விண்டோஸ் 98 இறுவட்டின் 'ஓல்ட்வின்95' கோப்புறையிலிருந்து செய்திக் கருவியை நிறுவினால், ஓர் அறையினுள் வடத்தால் இணைத்த சில கணினிகளுக்கிடையில் அஞ்சலகத்தை அமைத்து இன்றும் கடிதம் அனுப்பலாம். வின்பொப்அப் கருவிக்கு அதுவும் வேண்டியதில்லை. விண்டோஸ் 98 உள்ள இரு கணினிகளும் அவற்றை இணைக்கும் ஒரு வடமும் போதும்.